படத்தில் இல்லாத பெயர்

உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நிலூஷாவிடம் சொன்னபோது, "என்னப் பத்தி எழுத என்னக்கா இருக்கு? செத்தவங்களப் பத்தி எழுதவே நேரம் பத்தல" என்றாள். தன்னடக்கம் ஒன்றுமில்லை, அலுப்பில் சொன்னது. அவளுடைய வேலையே அதுதான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. மரண அறிவித்தல்கள் போடும் இணையத்தளம் நடத்துகிறோம். நான் பிழை திருத்துகிறேன், தொலைபேசி எடுக்கிறேன், முதலாளி இல்லாத நேரத்தில் அவருக்கு விழவேண்டிய ஏச்சையும் வாங்கிக்கொள்கிறேன். என் மேசைக்கு எதிர்மேசை நிலூஷாவுடையது. கணினித் திரைக்குப் பின்னால் அவளுடைய நெற்றியும் கண்ணாடியும்தான் தெரியும். பின்னேரமானால் கண்ணாடியும் தெரியாது, கழற்றி வைத்துவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டிருப்பாள்.

யாழ்ப்பாணத்தார் உலகத்தின் எந்த மூலையில் கண்ணை மூடினாலும் வீட்டுக்காரர் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று அறிவித்தல் அடிப்பது. நானும் யாழ்ப்பாணத்தாள்தான், அதனால் தைரியமாகச் சொல்லலாம். இறந்தவரின் படம், ஒரு குத்துவிளக்கு, இரண்டு தாமரை, நடுவில் உறவு முறைகள் எல்லாம் வரிசையாக. இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்புச் சகோதரரும் ஆவார் என்று அது நீண்டுகொண்டே போகும். மருமகனின் பெயர் விடுபட்டதற்காகச் செத்தவீட்டிலேயே சட்டையைப் பிடித்த கதைகளும் எங்களிடம் உண்டு. செத்தவரைவிட அந்த வரிசைக்குத்தான் மரியாதை அதிகம்.

இந்த அறிவித்தல் முழுவதும் ஒரே படமாகத்தான் எங்களுக்கு வரும். எழுத்தும் படத்துக்குள்ளேயே. கண் தெரிந்தவர்கள் இரண்டு விரலால் பெரிதாக்கி வாசித்துக்கொள்வார்கள். கண் தெரியாதவர்களுடைய கைபேசியில் திரையை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று இருக்கிறது. எழுத்தாக இருந்தால் வாசிக்கும். படத்தைக் கண்டால், அதற்குக் கோப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். எழுத்தாகவே பக்கத்தில் போடுவோமே என்று நான் முதலாளியிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். போட்டித் தளங்கள் அப்படியே களவெடுத்து ஒட்டிவிடுமாம். பக்கத்தின் அழகும் கெட்டுவிடுமாம். செத்தவீட்டு அறிவித்தலுக்கு என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது!

அம்பிட்டியவில் இருக்கும் லீலாதேவி அம்மா முதன்முதலாக எங்களுக்குத் தொலைபேசி எடுத்தது இதனால்தான். அவ பிறவியிலேயே பார்வை இல்லாதவ. கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவராக இருந்து ஓய்வு பெற்றவ. அந்தக் காலத்துக் குரல் அப்படியே இருக்கிறது, கம்பீரமாக, ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து. கல்யாணம் கட்டவில்லை. ஊரோடு தொடர்பும் விட்டுப்போய்விட்டது. காலையில் எழும்பி யார் யார் போய்விட்டார்கள் என்று கேட்பதுதான் அவவுக்கு ஊர்ப் புதினம், ஊர்ச் செய்தி எல்லாம்.

"பிள்ளை, உங்கட பக்கத்தில இண்டைக்கு ஆர் செத்தது?" என்று கேட்டா.

நிலூஷாதான் எடுத்தாள். "பக்கத்துல போட்டிருக்கே அம்மா."

"பக்கத்தில ஐ எம் ஜி எண்டு ஒராள் செத்துக் கிடக்கிறார். நேற்றும் அவர்தான் செத்தவர்."

படக் கோப்புகளின் பெயர் ஐ எம் ஜி என்றுதான் தொடங்கும், நான் சிரித்துவிட்டேன். நிலூஷா சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த அறிவித்தல்களைத் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினாள். அடுத்த நாளும் வாசித்தாள். பிறகு எங்கள் கணினிக்காரன் ரிஸ்கானிடம் போய், இந்தப் படங்களைக் கண் தெரியாதவர்கள் எப்படிக் கேட்பது என்று விசாரித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் எழுதினால் பக்கத்தில் தெரியாது, ஆனால் அந்தக் குரல் வாசிக்கும் என்று அவன் காட்டிக்கொடுத்தான். அன்று தொடங்கியது அவளுடைய கஷ்டகாலம். முழு அறிவித்தலையும், எல்லா உறவு முறைகளோடும், அந்தப் பெட்டிக்குள் தட்டச்சு செய்கிறாள். முதலில் தானாகச் செய்தாள், பிறகு முதலாளி அதையும் அவளுடைய வேலை ஆக்கிவிட்டார். பழைய வேலை ஒன்றும் குறையவில்லை.

அவள் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா ரத்தினம்மா முழங்கால் வலி வந்து கொழுந்து பறிக்கப் போகாமல் வீட்டில் இருக்கிறா. மகளும் அம்மம்மாவோடு அங்கேதான் படிக்கிறாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும் வருவான். நிலூஷா இங்கே கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் தங்கியிருந்து, சனிக்கிழமை பின்னேரம் நுவரெலியா பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்து, மகளுக்குப் பேன் பார்த்து, திங்கட்கிழமை விடிய வெளிக்கிட்டு வருவாள். வாரத்தில் அவளுக்கு ஓய்வு எது என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் அதுதான்.

அவளுடைய அப்பா செத்தபோது அறிவித்தல் ஒன்றும் அடிக்கவில்லை. "எங்க தோட்டத்துல யாருக்கக்கா அறிவிக்கிறது? எல்லாரும் அங்கயே தானே இருந்தாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சூரிச்சில் செத்த ஒருவரின் பதினொரு பேரப்பிள்ளைகளின் பெயர்களைத் தட்டச்சு செய்யப் போனாள். எங்கள் சனத்தின் சொந்தபந்தம் எனக்குத் தெரிவதைவிட அவளுக்குத்தான் கூடத் தெரியும். எந்தக் குடும்பத்தில் மூத்தவர் போய்விட்டார், எந்த மருமகள் பாரிஸ், எந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு அறிவித்தல் அனுப்புகிறது, எல்லாம் விரல் நுனியில்.

ஒருமுறை மட்டும் அவள் தன் விருப்பத்துக்கு எழுதினாள். யாரோ ஒரு இளம் பிள்ளை, விபத்தில் போனது. படத்தில் அந்தப் பிள்ளை உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தது, அடையாள அட்டைக்கு எடுத்த படம். நிலூஷா மனம் கேட்காமல் "சிரித்த முகத்துடன்" என்று பெட்டிக்குள் போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளையின் வீட்டாரைத் தெரிந்த ஒருவரிடம் லீலாதேவி அம்மா படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறா, பொய் பிடிபட்டுவிட்டது.

"பிள்ளை, நான் உம்மட கண்ணாலதான் பாக்கிறன். உம்மட கண்ணும் எனக்குப் பொய் சொன்னா நான் ஆரிட்டப் போறது?" என்று ஏசினா. நிலூஷா அன்றே அந்த இரண்டு சொல்லையும் அழித்தாள். எனக்கு அந்த மனுசியில் கோபம்தான் வந்தது. சும்மா செய்துகொடுக்கிற வேலைக்கு இத்தனை நொட்டை!

போன மாசம், ஒரு புதன்கிழமைக் காலை, லீலாதேவி அம்மா வழக்கமான நேரத்துக்கு முந்தியே எடுத்தா. எங்கள் தொலைபேசியின் காதில் வைக்கிற பாகம் பழுது, எல்லாப் பேச்சும் சத்தமாகத்தான் கேட்கும். அதனால் நானும் கேட்டேன்.

"பிள்ளை, இண்டைக்கு நவரட்ணராஜா எண்டு ஒரு அறிவித்தல் போட்டிருக்கிறீர்."

"ஆமாங்கம்மா. கனடா. நேத்து வந்துச்சு."

"அதில ஒரு இடம் மெஷின் தாவுது. அன்புச் சகோதரரும் எண்டு வாற இடத்தில பெரியண்ணையின்ர பேர் வாசிக்குது. அக்காவின்ர பேர் வாசிக்குது. அதுக்குப் பிறகு என்ர பேர் வரவேணும். வாசிக்காமல் தாண்டிப் போகுது. நாலு தரம் போட்டுக் கேட்டிட்டன். பக்கத்தில ஏதோ பிழை போல கிடக்கு, ஒருக்காப் பாரும்."

நிலூஷா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். "அம்மா... அவரு உங்க அண்ணனா?"

"ஓம். சின்னண்ணை."

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"உங்கட பக்கம்தான் சொன்னது."

"ஐயோ அம்மா. அழுதீங்களா?"

"அழுகிறதுக்கு முதல் இதைச் சரிபாப்பம் எண்டு எடுத்தனான்."

பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று சொல்லி நிலூஷா தொலைபேசியை வைத்தாள். முதலில் பெட்டிக்குள் தான் எழுதியதைப் பார்த்தாள். பிறகு படத்தைத் திறந்து, பெரிதாக்கி, அந்த இடத்துக்குப் போனாள். இரண்டு பெயர்தான் இருந்தது. விளக்குக்குப் பின்னால், தாமரைக்குக் கீழே, ஓரத்தில், எல்லா இடமும் தேடினாள். நானும் எழும்பிப் போய் அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தேன்.

"என்னோட பிழையா இருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா" என்றாள்.

கொள்ளுப்பேத்தியின் செல்லப்பெயர்கூடப் போட்டிருக்கிறார்கள், கூடப் பிறந்தவளுக்கு இடமில்லை! குருடி என்று மறைத்திருப்பார்கள், எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா என்று நான் கத்தினேன். நிலூஷா பின்னேரம், அங்கே விடிகிற நேரம் வரும்வரை காத்திருந்து, அறிவித்தலில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். மகன் சஞ்சயன் பேசினான். நல்ல பிள்ளையாகத்தான் பேசினான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"அப்பாவுக்குக் கண்டியில ஒரு தங்கச்சி இருந்தவ எண்டு தெரியும். அவ முந்தியே காலமாகிட்டா எண்டுதான் நாங்கள் நினைச்சம். அப்பாவுக்குக் கடைசி ஏழெட்டு வருசம் ஒண்டும் ஞாபகமில்லை, கேக்கவும் ஆளில்லை."

"இருக்காங்க சார். இன்னக்கிக் காலையில என்கூடப் பேசினாங்க. கண்ணு தெரியாதவங்களுக்குன்னு படத்துக்குப் பின்னால ஒரு பெட்டியில எழுதுறோம், அதக் கேட்டுத்தான் எடுத்தாங்க. படத்த மாத்தி அனுப்ப முடியுங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரோடோ கதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "படம் எல்லாருக்கும் போயிட்டுது. இப்ப மாத்தினா ஏன் மாத்தினது, ஆர் இது எண்டு கேள்வி வரும். அம்மாவும் இருக்கிற நிலைமையில இதை இழுக்க விருப்பமில்லை. நீங்கள் ஏதோ பெட்டி எண்டு சொன்னீங்களே, கண் தெரியாத ஆக்களுக்கு எழுதிறது. அதுக்குள்ள அன்ரியின்ர பேரைப் போட்டு விடுங்கோ. அதை ஆர் பாக்கப்போறது?"

நிலூஷா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். உடனே பெட்டியைத் திறந்து, அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் 'லீலாதேவி (இலங்கை)' என்று தட்டச்சு செய்தாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் அப்படியே இருந்தாள்.

"அமத்தும் பிள்ளை. என்ன யோசிக்கிறீர்? மனுசி கேட்டுச் சந்தோசப்படட்டும். வீட்டுக்காரரே போடச் சொல்லியாச்சு" என்றேன் நான். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், இப்போதும் பாதி மனம் அப்படித்தான் நினைக்கிறது.

"இத அவங்களுக்கு மட்டுந்தானே அக்கா கேக்கும்? மத்த எல்லாருக்கும் அவங்க செத்தவங்கதான்."

"அது அவவுக்குத் தெரியப்போறதில்லையே."

"தெரியாதுதான்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நாளைக்கி அந்தம்மா எதக் கேட்டாலும், இது நெசமா இருக்கா, இல்ல நானாப் போட்டதான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்க்கா. எனக்கு இதுக்கு மேல தாங்காது." ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு அம்பிட்டியவுக்கு எடுத்தாள்.

"அம்மா, பக்கத்துல பிழ இல்லம்மா. மெஷின் சரியாத்தான் வாசிக்குது."

கீழே கண்டி பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நிலூஷா இரண்டு தரம் அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள்.

"லைனில நிக்கிறன் பிள்ளை. ஓரத்தில எங்கயும் சின்ன எழுத்தில இருக்கோ?"

"பெருசாக்கிப் பாத்துட்டேம்மா. இல்ல."

"அவையிட்டக் கேட்டீரோ?"

"கேட்டேன். நீங்க இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியலையாம்." நிலூஷா தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். "நீங்க முன்னாடியே போயிட்டீங்கன்னு நெனச்சிட்டாங்களாம்மா."

"ஓகோ" என்றா லீலாதேவி அம்மா. ஒரு கந்தோர்ச் செய்தியைக் கேட்டுக்கொள்கிற மாதிரித்தான் சொன்னா. பெட்டியைப் பற்றி அவன் சொன்னதையும் நிலூஷா ஒளிக்காமல் சொன்னாள். தான் எழுதி அழித்ததையும் சொன்னாள். அதற்கும் ஓகோதான். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, எழும்பி யன்னலடிக்குப் போனேன். பிறகு அவ கேட்டா:

"பக்கத்துக்குக் கீழ அஞ்சலி எழுதிற இடம் ஒண்டு இருக்கெல்லே? நான் எத்தினையோ தரம் போய்ப் பாத்திட்டுத் திரும்பினனான். பொத்தான், பொத்தான் எண்டு மட்டும் சொல்லுது, எது அனுப்பிறது எது அழிக்கிறது எண்டு தெரியாது. அதுக்குப் பிறகு நான் மனிசர்தானோ எண்டு பாக்க, பஸ் இருக்கிற படங்களைத் தொடச் சொல்லுது. எனக்கு எங்க பஸ்?"

"நீங்க சொல்லுங்கம்மா. நான் எழுதி அனுப்பிடுறேன்."

"வேண்டாம் பிள்ளை. நீர் போட்டா அது நீர் போட்டது."

நிலூஷா சத்தம் போட்டுப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். ரிஸ்கானின் மேசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அந்தப் பஸ் படத்தை எடு, பொத்தான்களுக்குப் பேர் போடு, இப்பவே செய் என்றாள். அவன் கெட்டவன் இல்லை. எதையும் நாளைக்குத் தள்ளிவைப்பான், அவ்வளவுதான்.

"எடுக்க ஏலும் நிலூஷா. ஆனா அத எடுத்தா சூதாட்ட விளம்பரமெல்லாம் வந்து விழும். மவுத்தான மனிசருக்குக் கீழ அது நிண்டா எப்பிடி ஈக்கும்? முந்தி ஒருக்கா வந்து மொதலாளி என்னப் போட்டு ஏசினதுதானே."

"வர்றத எல்லாம் நான் ஒண்ணொண்ணாப் பாத்து விடுறேன். நான் விட்டாத்தான் பக்கத்துல வர்ற மாதிரி செஞ்சு குடு."

"ஒவ்வொரு நாளுமா? ஒங்களுக்கு ஈக்கிற வேல காணாதா?"

"காணும். நீ செய்."

மூன்று வருஷமாக, நாளைக்குப் பார்ப்போம், அடுத்த கிழமை பார்ப்போம் என்று அவன் தனக்குள் தள்ளிவைத்திருந்த வேலை, என்னுடைய பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நிலூஷா உடனே அம்பிட்டியவுக்கு எடுத்து, இனிப் பஸ் கேட்காது, நீங்களே எழுதலாம் என்று சொன்னாள். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எத்தனை பேர் அந்தப் பொத்தான்கள் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருப்பார்கள்!

அடுத்த நாள் காலை நிலூஷா வந்ததும் அனுமதிக்குக் காத்திருந்த அஞ்சலிகளைத் திறந்தாள். ரிஸ்கான் சொன்னது போலவே, ஒரே இரவில் குப்பை நிறைந்திருந்தது. சூதாட்டம், முடி வளரும் எண்ணெய், அந்நியப் பெண்களின் பெயரில் அழைப்புகள். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள், இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் என்று நினைத்து எனக்கே களைத்துப்போனது. நடுவில் அவளுடைய கை நின்றது. திரையை என் பக்கம் திருப்பினாள்.

பெயர் என்ற இடத்தில் லீலாதேவி. ஊர் அம்பிட்டிய, கண்டி. உறவு முறை என்ற இடத்தில் தங்கச்சி. கீழே ஒரு வரிதான் இருந்தது.

'சின்னண்ணை, நான் இருக்கிறன்.'

நிலூஷா அனுமதியை அழுத்தினாள். கனடாவிலும் பாரிஸிலும் லண்டனிலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, படத்துக்கு நேர்கீழே அது போய் நின்றது. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. அவள் அழவில்லை, மிச்சக் குப்பையை அழித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை" என்றா லீலாதேவி அம்மா. இரவு முழுக்க அழுத குரல், ஆனாலும் எழுத்துகள் பிரிந்துதான் வந்தன. "இப்ப மெஷின் என்ர பேரை வாசிக்குது."

"சரிம்மா" என்றாள் நிலூஷா. தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, விசைப்பலகையைத் தள்ளிவிட்டு மேசையில் தலை சாய்த்தாள். படுத்த கையோடு தூங்கிவிட்டாள். வரிசையில் புதிதாக ஒரு படம் வந்து நின்றது, லண்டன், உறவு முறை நீளமாக இருந்தது. அதை என் திரைக்கு எடுத்து, பெட்டியைத் திறந்து, முதல் பெயரிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.